மக்கு என்று சொல்லாதீர்கள்

(படிக்கத் தடுமாறும் பிள்ளைகளைப் பற்றி நெருளில் பெற்றோர்களுக்குச் சொன்ன உரை)



வேலைக்குப் போய் வந்து, உலை வைத்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள். கையில் புத்தகம் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன்னால் அந்தப் புத்தகத்தில் இருந்தது வெறும் கோடும் சுழியும்தான். இன்று அது உங்களோடு பேசுகிறது.

எழுத்து கைக்கு வந்த கதை உங்களுக்கு மறந்திருக்காது. 'ல' எது, 'ள' எது என்று திகைத்தது நினைவிருக்கும். நாலு பேர் முன்னால் படிக்கச் சொன்னபோது கை வியர்த்தது நினைவிருக்கும். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது நினைவிருக்கும்.

அந்த நினைவைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சுக்கு அது வேண்டும். ஏனென்றால் இன்றைய பேச்சு, பள்ளிக்கூடம் போயும் படிக்கத் தடுமாறும் பிள்ளைகளைப் பற்றியது.

கெட்டிக்காரப் பிள்ளைதான், ஆனால்...

சில பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். நன்றாகப் பேசுவார்கள். கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையைச் சரியாக வாங்கி வருவார்கள். பார்த்த சினிமாவை ஒரு காட்சி விடாமல் சொல்வார்கள். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் முகம் மாறிவிடும்.

நேற்றுப் படித்த சொல் இன்று புதுச் சொல்லாக இருக்கும். முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு, மீதியை ஊகித்துச் சொல்வார்கள். 'மரம்' என்று இருந்தால் 'மழை' என்பார்கள். ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவார்கள். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

வீட்டில் என்ன சொல்கிறார்கள்? "கவனம் இல்லை." "விளையாட்டுப் புத்தி." "சோம்பேறி." கடைசியில் "மக்கு" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

அந்தப் பிள்ளை மக்கு இல்லை. அதற்கு டிஸ்லெக்சியா என்ற தடை இருக்கலாம்.

டிஸ்லெக்சியா என்றால் என்ன? 'அம்மா' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அ, ம், மா என்று மூன்று ஒலிகள் இருக்கின்றன. படிக்க வேண்டும் என்றால் மூளை இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று, சொல்லை ஒலி ஒலியாகப் பிரிக்க வேண்டும். இரண்டு, ஒவ்வொரு ஒலியையும் அதன் எழுத்தோடு சேர்க்க வேண்டும். பல பிள்ளைகளுக்கு இது பழகப் பழகத் தானாக வந்துவிடுகிறது. சில பிள்ளைகளின் மூளையில் இந்த வேலை வேறு மாதிரி நடக்கிறது. மெதுவாக நடக்கிறது.

இது பிறவியிலேயே அமைவது. கண் நோய் இல்லை. அறிவுக் குறைவும் இல்லை. தாய் வளர்த்த விதத்தால் வருவதும் இல்லை. சில குடும்பங்களில் அப்பாவுக்கோ மாமாவுக்கோ இருக்கும், பிள்ளைக்கும் வரும். பெண் பிள்ளைகளுக்கும் உண்டு. நூறு பிள்ளைகளில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இருக்கலாம் என்று பல ஆய்வுகள் கணக்கிடுகின்றன. அப்படியானால் ஒரு பெரிய வகுப்பில் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள்.

நூறு ஆண்டுக்கு முந்திய ஒரு பையன்

இது புதிதாக வந்த விஷயம் இல்லை. 1896-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர் ஒரு பையனைப் பற்றி எழுதினார். பையனுக்கு வயது 14. பெயர் பெர்சி. விளையாட்டில் சுறுசுறுப்பு. கணக்கில் கெட்டிக்காரன். எண்களை உடனே படிப்பான். எழுத்துகளை மட்டும் அவனால் கூட்டிப் படிக்க முடியவில்லை. ஏழு வயதிலிருந்து சொல்லிக் கொடுத்தும் வரவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி 'பிரெசி' என்று எழுதினான். அது தப்பு என்றும் அவனுக்குத் தெரியவில்லை.

அவனுடைய ஆசிரியர் என்ன சொன்னார் தெரியுமா? எல்லாப் பாடத்தையும் வாயால் சொல்லி, வாயால் கேட்டால் பள்ளியிலேயே இவன்தான் முதல் பையனாக இருப்பான் என்றார்.

அந்தப் பையனைப் போன்றவர்கள் தாராவியிலும் இருக்கிறார்கள். மாடுங்காவில், செம்பூரில், நெருளிலும் இருக்கிறார்கள்.

நமது எழுத்தும், மும்பையின் மொழிகளும்

தமிழில் 247 எழுத்துகள். ல, ள, ழ என்று மூன்று. ர, ற என்று இரண்டு. ந, ன, ண என்று மூன்று. கொம்பைப் பாருங்கள். 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. ஆனால் அதன் ஒலி 'க்' ஒலிக்குப் பின்னால்தான் வருகிறது. 'கொ' எழுதினால் முன்னால் கொம்பு, பின்னால் கால். இதெல்லாம் பெரியவர்களுக்கே எவ்வளவு குழப்பம் தந்தது!

ஆங்கிலத்தில் பி, டி என்று இரண்டு எழுத்துகள். சின்ன எழுத்தில் எழுதினால் இரண்டிலும் ஒரு கோடு, ஒரு வட்டம். வட்டம் வலப்பக்கம் இருந்தால் பி. இடப்பக்கம் இருந்தால் டி. சின்னப் பிள்ளைகள் எல்லோருமே இதை மாற்றி எழுதுவார்கள். ஆறு, ஏழு வயது வரை அதற்குப் பயப்பட வேண்டாம். அதற்குப் பிறகும் மாறிக்கொண்டே இருந்தால், படிப்பதிலும் தடை இருந்தால், கவனிக்க வேண்டும்.

மும்பைத் தமிழ்ப் பிள்ளைக்கு இன்னொரு சுமை உண்டு. வீட்டில் தமிழ். தெருவில் இந்தி. பள்ளியில் ஆங்கிலம், மராத்தி. புது மொழி புரியாமல் ஒரு பிள்ளை பின்தங்கலாம். அது டிஸ்லெக்சியா இல்லை. மொழி பழகியதும் அது சரியாகிவிடும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை, நன்றாகப் பேசத் தெரிந்த மொழியில்கூடப் படிக்கத் தடுமாறும். இந்த வித்தியாசத்தைத் தாய்தான் முதலில் கண்டுபிடிக்க முடியும். ஏனென்றால் பிள்ளை வீட்டு மொழியில் எவ்வளவு நன்றாகப் பேசுகிறது என்பது தாய்க்குத்தான் தெரியும்.

இப்படி ஒரு வீடு

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். இது கதைதான். ஆனால் பல வீடுகளில் நடப்பதுதான்.

நெருளில் ஒரு குடும்பம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அப்பா வாஷி மார்க்கெட்டில் டெம்போ ஓட்டுகிறார். அம்மா நாலு வீட்டில் வேலை செய்கிறார். சாயங்காலம் எழுத்தறிவு வகுப்புக்கு வருகிறார். மகள் ஏழாம் வகுப்பு. மகனுக்கு ஒன்பது வயது. இங்கிலீஷ் மீடியத்தில் நாலாம் வகுப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவியில் அத்தை வீட்டுக்குப் போனார்கள். அங்கே ஒரு கல்யாணப் பத்திரிகை இருந்தது. ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் இங்கிலீஷ். அத்தை பையனைக் கூப்பிட்டார்.

"ஏல, இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல படிக்கியே, இதைப் படி பாப்போம்."

பையன் பத்திரிகையை வாங்கினான். பார்த்துக்கொண்டே நின்றான். அவனைவிடச் சின்னவன், அத்தை மகன், பிடுங்கிப் படபடவென்று படித்துவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். பையனும் சிரிப்பதுபோல் சிரித்தான். வீட்டுக்கு வந்ததும் அப்பா அவனை அடித்தார். மறுநாள் காலையில் பையன் "வயிறு வலிக்கு" என்று சொல்லிப் படுத்துக்கொண்டான். பள்ளிக்குப் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து, ராத்திரி அம்மா தன் பாடப் புத்தகத்தை எடுத்தார். விரலை வைத்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒரு சொல் தப்பிப்போனது. திரும்பப் படித்தார். பையன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, நீ தப்பாப் படிச்சா உங்க டீச்சர் அடிப்பாங்களா?"

"இல்ல ராசா. பரவாயில்லம்மா, இன்னொரு தடவ படிங்கன்னு சொல்லுவாங்க."

"மத்தவங்க சிரிப்பாங்களா?"

"எதுக்குச் சிரிக்காங்க? அவங்களுக்கும் தப்பு வருமே."

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்.

"அப்ப நானும் உங்க கிளாஸுக்கு வரட்டுமா?"

அம்மாவுக்கு நெஞ்சை அடைத்தது. அவர் புத்தகத்தை மூடினார். அன்று ராத்திரி கணவரிடம் சொன்னார். "இனி அவன அடிக்காதீங்க. அவனுக்குப் படிக்க ஆசை இல்லாம இல்ல. பயம்தான் இருக்கு."

கணவர் வெகுநேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார். "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. வாத்தியாரு பிரம்ப எடுத்தாலே எழுத்தெல்லாம் மறந்துபோவும். அஞ்சாங்கிளாஸோட நிறுத்திட்டு இங்க ரயிலேறினவன் நான். இவனாவது படிச்சுரணும்னுதான் அடிச்சேன்."

பாருங்கள். அப்பாவுக்கும் அதே தடை இருந்திருக்கிறது. அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அவர் வாங்கிய அடியையே மகனுக்கும் கொடுத்தார். அடியால் அவர் படித்தாரா? இல்லை, ஓடிப்போனார்.

உள்ளே வலிப்பது வெளியே எப்படித் தெரியும்?

படிக்கத் தடுமாறும் பிள்ளை தினமும் ஐந்து ஆறு மணி நேரம் தோற்கிறது. பெரியவர் ஒருவர் வேலை செய்யும் இடத்தில் தினமும் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினால் என்ன செய்வார்? அந்த வேலையை விட்டுவிடுவார். பிள்ளை விட முடியாது. அதனால் வேறு வழி தேடுகிறது.

காலையில் வயிற்றுவலி, தலைவலி என்று சொல்லும். நோட்டை ஒளித்து வைக்கும். பரீட்சைத் தாளைக் கிழித்துப் போடும். எதற்கெடுத்தாலும் கோபப்படும். வகுப்பில் கோமாளித்தனம் செய்யும். 'மக்கு' என்று பெயர் வாங்குவதைவிட 'வாலு' என்று பெயர் வாங்குவது மேல் என்று அதற்குத் தோன்றும். சில பிள்ளைகள் ஒன்றும் செய்யாது. பேச்சைக் குறைத்துக்கொள்ளும். பெண் பிள்ளைகள் பலர் இப்படி அமைதியாக இருந்துவிடுவதால் யார் கண்ணிலும் படுவதில்லை. அமைதியான பிள்ளையைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். "நான் செத்துப்போறேன்", "நான் எதுக்கு இருக்கேன்" என்று பிள்ளை சொன்னால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கே பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள். தாமதிக்காமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

பிள்ளையிடம் நேராகச் சொல்லுங்கள். "உனக்குப் படிக்கிறது கஷ்டமா இருக்குன்னு எனக்குத் தெரியும். நீ சோம்பேறி இல்ல. நான் உன் பக்கத்துல இருக்கேன்." இதைச் சொல்லப் பெரிய படிப்பு வேண்டாம்.

அக்காவோடு, பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிட வேண்டாம். சொந்தக்காரர்கள் முன்னால் படிக்கச் சொல்ல வேண்டாம். மற்றவர்கள் சொன்னாலும் "பிறகு படிப்பான்" என்று சொல்லிக் காப்பாற்றுங்கள்.

பிள்ளைக்கு வேறு எதில் ஆசை என்று பாருங்கள். சைக்கிள் கழற்றி மாட்டுவதா, கபடியா, சமையலா, பாட்டா? அதற்கு நேரம் கொடுங்கள். மதிப்பெண் குறைந்தது என்று அதைப் பறிக்காதீர்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். படிப்பு வராத பிள்ளைக்கெல்லாம் வேறு ஒரு பெரிய திறமை ஒளிந்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எந்தத் திறமையும் தனியாகத் தெரியாவிட்டாலும் அது உங்கள் பிள்ளை. அன்புக்கு அது போதும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

"எங்களுக்கே இப்பதான் எழுத்து வந்தது. நாங்கள் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?" என்று கேட்கலாம். நிறையச் செய்யலாம்.

முதலில் காது. கைதட்டி விளையாடுங்கள். நெ-ருள்: இரண்டு தட்டு. செம்-பூர்: இரண்டு தட்டு. தா-ரா-வி: மூன்று தட்டு. மா-டுங்-கா: மூன்று தட்டு. பிறகு, "பட்டம் என்ற சொல்லில் முதல் சத்தம் என்ன? 'ப' போய் 'க' வந்தால் என்ன சொல்?" என்று கேளுங்கள். 'கட்டம்' என்று பிள்ளை சொல்லும். அரிசி களையும்போதே இதை விளையாடலாம். புத்தகம் வேண்டாம்.

அடுத்தது கை. தாம்பாளத்தில் அரிசியையோ கோலமாவையோ பரப்புங்கள். அதில் விரலால் எழுத்தைப் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். எழுதும்போதே வாயால் சத்தமாகச் சொல்ல வேண்டும். கண், காது, வாய், கை நான்கும் சேர்ந்து வேலை செய்யும்போது எழுத்து மனதில் பதிகிறது. அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதி வாய்விட்டுச் சொன்னார்கள். 1930-களில் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற டாக்டரும் ஆனா கில்லிங்காம் என்ற ஆசிரியையும் டிஸ்லெக்சியா பிள்ளைகளுக்கென்று வகுத்த முறையிலும் இதுதான் அடிப்படை. ஒரு நேரத்தில் ஓர் எழுத்து. அது வந்தபின் அடுத்தது. குழப்பும் இரண்டு எழுத்துகளை ஒரே நாளில் சொல்லித் தர வேண்டாம்.

படிக்கும்போது வரிக்குக் கீழே ஓர் அட்டையை வைத்து நகர்த்தச் சொல்லுங்கள். கண் வரி மாறாது. பதினைந்து நிமிடம் போதும். ஆனால் தினமும் வேண்டும். இரண்டு மணி நேரம் உட்கார வைத்து அழவிடுவதில் பயன் இல்லை. பிள்ளைக்கு வந்த ஒரு சொல்லோடு முடியுங்கள். வராத சொல்லோடு முடிக்காதீர்கள்.

மூன்றாவது, படித்துக் காட்டுங்கள். அறிவியல், வரலாறு பாடங்களை அக்கா வாய்விட்டுப் படிக்கட்டும். தம்பி கேட்கட்டும். இப்போது பல கைபேசிகள்கூட எழுத்தைப் படித்துக் காட்டுகின்றன. காதால் கேட்டாலும் அது அறிவுதான். எழுத்து வருவதற்குக் காத்திருந்து பாடத்தை இழக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. டிஸ்லெக்சியாவைக் குணமாக்கும் மாத்திரை இல்லை. டானிக் இல்லை. "ஒரு மாதத்தில் சரி செய்கிறேன்" என்று பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம். இந்தத் தடை முழுதாக மறைந்துபோவதில்லை. ஆனால் சரியான முறையில் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை படிக்கக் கற்றுக்கொள்ளும். மெதுவாகக் கற்றுக்கொள்ளும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

பள்ளிக்குப் போங்கள்

2007-ல் 'தாரே ஜமீன் பர்' என்ற இந்திப் படம் வந்தது. அமீர்கான் நடித்தது. படத்தில் வரும் பையன் மும்பைப் பையன். அவனுக்கு டிஸ்லெக்சியா. அப்பா அவனைச் சோம்பேறி என்று நினைத்து விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடுகிறார். அங்கே ஓவிய ஆசிரியர் ஒருவர் பையனைப் புரிந்துகொள்கிறார். அந்தப் படத்தால் பல பேருக்கு இந்தப் பெயர் தெரிந்தது.

ஆனால் எல்லாப் பள்ளிக்கும் அப்படி ஓர் ஆசிரியர் தேடி வரமாட்டார். பெற்றோர்தான் தேடிப் போக வேண்டும். பள்ளி வாசலில் நிற்கக் கூச்சமாக இருக்கும். "படிக்காதவள் வந்து எனக்குச் சொல்கிறாள்" என்று நினைப்பார்களோ என்று தோன்றும். கூச்சப்பட வேண்டாம். வகுப்பு ஆசிரியரைத் தனியாகப் பார்த்து மரியாதையாகக் கேளுங்கள்.

பையனை முன் வரிசையில் உட்கார வையுங்கள். திடீரென்று எழுப்பி வாய்விட்டுப் படிக்கச் சொல்லாதீர்கள். வாயால் கேள்வி கேட்டுப் பாருங்கள். கரும்பலகையில் இருப்பதை எழுதக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள். எழுத்துப் பிழைக்காக முழு விடையையும் அடித்துவிடாதீர்கள். இந்த ஐந்தைத்தான் கேட்க வேண்டும். ஐந்துக்கும் பணம் செலவில்லை.

பிள்ளையைப் பள்ளியில் அடிக்கக் கூடாது, மனம் நோகச் செய்யக் கூடாது என்று 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. இதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

சயான் ஆஸ்பத்திரிக்கு ஒரு பயணம்

டிஸ்லெக்சியா இருக்கிறதா என்று அக்கம்பக்கத்தார் சொல்ல முடியாது. சோதித்துத்தான் சொல்ல வேண்டும். முதலில் கண்ணையும் காதையும் சோதிக்க வேண்டும். பார்வையோ கேட்பதோ குறைவாக இருந்தால் அதுவும் படிப்பைக் கெடுக்கும். பிறகு குழந்தை டாக்டர், உளவியல் நிபுணர், சிறப்பு ஆசிரியர் ஆகியோர் பார்ப்பார்கள். அறிவுத் திறனைச் சோதிப்பார்கள். படிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் சோதிப்பார்கள்.

மும்பை மாநகராட்சியின் சயான் ஆஸ்பத்திரி, பரேலில் கே.இ.எம்., மும்பை சென்ட்ரலில் நாயர் ஆகிய இடங்களில் இந்தச் சோதனையைப் பல ஆண்டுகளாகச் செய்து சான்றிதழ் கொடுத்து வந்திருக்கிறார்கள். தாராவிக்காரர்களுக்குச் சயான் நடக்கும் தூரம். மாடுங்காவிலிருந்து ஒரே ஸ்டேஷன். நெருளிலிருந்தும் செம்பூரிலிருந்தும் போகிறவர்கள் ஹார்பர் லைனில் குர்லா வரை போய், அங்கே வண்டி மாற வேண்டும். அடுத்த ஸ்டேஷன் சயான்.

நெருள்காரர்களுக்குப் பக்கத்திலேயே வாஷியில் இ.டி.சி. மையம் இருக்கிறது. மாற்றுத் திறனாளிகளின் கல்விக்காக நவி மும்பை மாநகராட்சி நடத்தும் மையம் அது. சான்றிதழுக்கு உங்கள் பகுதியில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அங்கேயும் பள்ளியிலும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அலைச்சல் குறையும்.

போகும்போது பிள்ளையின் பழைய நோட்டுகள், மதிப்பெண் அட்டைகள், பிறந்த சான்றிதழ், ஆதார், பள்ளி ஆசிரியரின் கடிதம் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மொழித் தடையும் படிப்புத் தடையும் ஒன்றாகக் கலந்துவிடும். ஒரே நாளில் முடியாது. பல தடவை போக வேண்டியிருக்கும். ஒருநாள் கூலி போகும். அது கஷ்டம்தான். ஆனாலும் போக வேண்டும். ஏன்?

1996-ல் மகாராஷ்டிர அரசு இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தேர்வில் சலுகை தர உத்தரவிட்டது. கூடுதல் நேரம், எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காமை, எழுதிக் கொடுக்க ஒரு துணை ஆள், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு என்று பல உதவிகள் வந்தன. அதே 1996-ல் மும்பையில் பெற்றோர்களும் நிபுணர்களும் சேர்ந்து மகாராஷ்டிர டிஸ்லெக்சியா சங்கத்தைத் தொடங்கினார்கள். 2016-ல் வந்த மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. 1995-ல் வந்த பழைய சட்டத்தில் அது இல்லை.

பத்தாம் வகுப்புத் தேர்வில் சலுகை வேண்டும் என்றால் சான்றிதழ் வேண்டும். தேர்வு நெருங்கியபின் ஓடினால் கிடைக்காது. எட்டு வயது ஆனபின் சான்றிதழ் கொடுப்பார்கள். அதற்காக எட்டு வயது வரை சும்மா இருக்க வேண்டாம். அரிசியில் எழுதுவதை இன்றே தொடங்கலாம். சலுகை விவரங்கள் அவ்வப்போது மாறும். ஒவ்வோர் ஆண்டும் பள்ளியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஊர் என்ன சொல்லும்?

"சான்றிதழ் வாங்கினால் ஊனம் என்று முத்திரை விழுந்துவிடாதா? பெண் பிள்ளையாயிற்றே, நாளைக்கு யார் கட்டுவார்கள்?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான பயம்தான்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். 'மக்கு' என்ற முத்திரை ஏற்கனவே விழுந்துவிட்டது. அதை அடித்தவர்கள் வீட்டாரும் ஊராரும்தான். அந்த முத்திரையால் பிள்ளைக்கு ஒரு நன்மையும் இல்லை. ஆஸ்பத்திரிச் சான்றிதழால் தேர்வில் நேரம் கிடைக்கிறது, உதவி கிடைக்கிறது. "இது அறிவுக் குறை இல்லை" என்று டாக்டரே எழுதிக் கொடுக்கிறார். அதைத் தெரு முழுக்கக் காட்ட வேண்டியதில்லை. பள்ளிக்குக் காட்டினால் போதும்.

பத்தாம் வகுப்பைத் தாண்டாமல் எட்டாம் வகுப்பிலேயே நின்று, தோல் பட்டறைக்கும் தையல் கடைக்கும் போன பிள்ளைகள் எத்தனை பேர்! உழைப்பு கேவலம் இல்லை. ஆனால் "எனக்கு மூளை இல்லை" என்று நம்பிக்கொண்டு ஒரு பிள்ளை அங்கே போகக் கூடாது.

தாய்மார்களே, பெரியோர்களே! இந்த வகுப்பில் நீங்கள் தப்பாகப் படித்தபோது யாரும் அடிக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. "பரவாயில்லை, இன்னொரு தடவை" என்றார்கள். நாற்பது வயதில், ஐம்பது வயதில் எழுத்து வந்தது. உங்களுக்குக் கிடைத்த அந்தப் பொறுமையை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். உங்கள் பிள்ளைக்கும் அதுதான் வேண்டும்.



கலந்து பேசுங்கள்

1. உங்கள் தெருவில் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் யார்? ஏன் நிறுத்தினார்கள்?

2. கதையில் வரும் அப்பா பையனை ஏன் அடித்தார்? அத்தை என்ன செய்திருக்கலாம்?

3. மொழி புரியாமல் பின்தங்குவதற்கும் டிஸ்லெக்சியாவுக்கும் என்ன வித்தியாசம்?

4. ஆசிரியரிடம் கேட்க வேண்டிய ஐந்து உதவிகள் எவை? சொல்லிப் பாருங்கள். பிறகு உங்கள் கையால் எழுதிப் பாருங்கள்.